இரவு ஷிஃப்ட் தூங்கவில்லை

சாயங்கால ஷிஃப்ட் இரண்டே மணி நேரத்தில் ஆசிட் வேல்யூவில் எண்பது குறைத்துவிட்டது. இரவு ஷிஃப்ட் எட்டு மணி நேரம் உட்கார்ந்து இருபத்தொன்பதுதான் குறைத்தது. ஆகவே இரவு ஷிஃப்ட் தூங்கியிருக்கிறது. தூங்கினவனுக்கு இன்சென்டிவ் எதற்கு? பிடித்தேன். எங்கள் வட்டாரச் சிறுதொழில் மலர் ஒன்றில் வந்திருக்கும் ஆறு பக்கக் கட்டுரையைப் பிழிந்தால் சொட்டுவது இவ்வளவுதான். மீதியெல்லாம் அனுபவத்தின் பெருமை.

எழுதியவர் வயதில் மூத்தவர். ரெசின் யூனிட் நடத்தியவர். பெயர் வேண்டாம். எனக்குச் சண்டை அவர் போட்ட கணக்கோடு. நானும் இந்தப் பக்கத்து ஆள்தான். வீடு மணலி புதுநகரில். இருபத்தாறு வருஷம் ரியாக்டர் மேடையிலும் அதற்குக் கீழே லேபிலும் கழித்தவன். அதில் பாதி இரவு ஷிஃப்ட். அதனால்தான் இந்தக் கட்டுரையை மற்றவர்கள் மாதிரி பக்கம் புரட்டிவிட்டுப் போக முடியவில்லை.

ரியாக்‌ஷன் டைமைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பது அவர் முதல் வாதம். தொகையீடும் மடக்கையும் காலேஜ் வாத்தியார்களின் பிழைப்பு, ரியாக்டர் முன்னால் நிற்பவனுக்கு அதெல்லாம் தேவையில்லை, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்கிறார். சரி, இருக்கட்டும். ஆனால் அடுத்த பக்கத்திலேயே அவர் ஒரு கணக்குப் போடுகிறார். நாலாம் வகுப்பு வகுத்தல் கணக்கு. அந்த வகுத்தலை வைத்து நாலு பேர் கூலியில் கை வைத்திருக்கிறார். கணக்கே வேண்டாம் என்றிருந்தாலாவது யாருக்கும் நஷ்டமில்லை. தப்புக் கணக்குப் போதும் என்றதில்தான் வினை.

அவர் உதாரணமாகப் போட்டுக்காட்டியிருக்கும் பேட்ச் இது. ஆல்கிட் ரெசின். சார்ஜ் முடிந்து, கெட்டில் 220 டிகிரிக்கு ஏறி நிற்கும்போது இரவு 8 மணி. ஆசிட் வேல்யூ, அதாவது வினைபுரியாமல் மிச்சமிருக்கும் அமிலத்தின் அளவு, 120. 9 மணிக்கு 60. ஷிஃப்ட் மாறும் 10 மணிக்கு 40. நடுநிசி தாண்டி 1 மணிக்கு 20. 3 மணிக்கு 15. 5 மணிக்கு 12. காலை 6 மணிக்கு இரவு ஷிஃப்ட் கிளம்பும்போது 10.9. காலை ஷிஃப்ட் வந்து 7 மணிக்கு 10 ஆனதும் பேட்சை இறக்குகிறது. எண்கள் உருண்டையாக இருக்கின்றன. உண்மைக் கெட்டில் இவ்வளவு சமர்த்தாக நடந்துகொள்ளாது. பரவாயில்லை, அவர் எண்களை வைத்தே பேசுவோம்.

அவர் வகுத்தது இப்படி: 8 மணியிலிருந்து 1 மணிவரை ஐந்து மணி நேரத்தில் நூறு குறைந்தது. மணிக்கு இருபது. பாக்கி பத்து குறைய அரை மணி நேரம் ஆகலாம். ஒன்றரைக்கு முடிய வேண்டிய பேட்ச் காலை ஏழுக்கு முடிந்தால் நடுவில் ஐந்தரை மணி நேரம் எங்கே போனது? தூக்கத்தில் போனது.

ஐயா, துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிற எந்த டிரைவரிடமும் இந்தக் கணக்கைக் காட்டிப் பாருங்கள். ஆண்டார்குப்பத்தில் ஏறி எம்.எஃப்.எல். சந்திப்பு வரைக்கும் ஒரு வேகம். எண்ணூர் விரைவுச் சாலைக்கு வந்தால் வேறொரு வேகம். ஜீரோ கேட் வரிசையில் போய் நின்றுவிட்டால் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு இரவே போகும். முதல் பதினைந்து கிலோமீட்டரை அரை மணியில் வந்தவன் கடைசி இரண்டையும் நாலு நிமிடத்தில் முடித்திருக்க வேண்டும், முடிக்காததால் வண்டியில் தூங்கினான் என்று முதலாளி சொன்னால் அந்த டிரைவர் என்ன பதில் சொல்வார் என்பதை இங்கே அச்சிட முடியாது. வேகம் மாறிக்கொண்டே வரும்போது மொத்தத் தூரத்தை ஏதோ ஒரு வேகத்தால் வகுக்க முடியாது. சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, துண்டுக்குத் துண்டு அந்தந்த இடத்து வேகத்தால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டலுக்குத்தான் தொகையீடு என்று பெயர். அவர் கேலி செய்த சுரைக்காய் அது.

கெட்டிலுக்குள் வேகம் ஏன் மாறுகிறது? அமிலமும் ஆல்கஹாலும் சந்தித்தால்தான் எஸ்டர். இரண்டும் சம அளவில் போட்டிருந்தால், பாதி தீர்ந்தபிறகு அமிலமும் பாதி, ஆல்கஹாலும் பாதி. சந்திக்கும் வாய்ப்பு கால்வாசி. பன்னிரண்டில் ஒரு பங்கு மிஞ்சும்போது வாய்ப்பு 144-இல் ஒன்று. அவர் எண்களிலேயே பார்க்கலாம். இரவு 8 மணிக்கு ஆசிட் வேல்யூ விழும் வேகம் மணிக்கு 120. நடுநிசி தாண்டி 1 மணிக்கு மணிக்கு 3.3. காலை 7 மணிக்கு மணிக்கு 0.83. இதைத்தான் இரண்டாம் படி வினை என்கிறோம். 120-ஐ அந்தந்த நேரத்து ஆசிட் வேல்யூவால் வகுத்து ஒன்றைக் கழித்தால் எத்தனை மணி நேரம் ஆனது என்று வந்துவிடும். 60-க்கு 1. 40-க்கு 2. 20-க்கு 5. 12-க்கு 9. 10-க்கு 11. எட்டு மணியோடு பதினொன்றைக் கூட்டினால் காலை ஏழு. பேட்ச் இறங்கிய நேரமும் அதேதான். ஒரு நிமிடம்கூட யாரும் தூங்கவில்லை.

சாயங்கால ஷிஃப்ட் சுறுசுறுப்பு, இரவு ஷிஃப்ட் சோம்பல் என்று அவர் கண்டது ஆட்களின் குணத்தை அல்ல. கெட்டிலை இரவு 8 மணிக்குச் சூடாக்கி வைத்ததை. அதே பேட்சை ராத்திரி 10 மணிக்கு 120-இல் ஆரம்பித்திருந்தால் இரவு ஷிஃப்ட்காரர்கள் முதல் இரண்டு மணியில் எண்பது குறைத்து வீரர்கள் ஆகியிருப்பார்கள். காலை ஷிஃப்ட்காரர்கள் வினையின் மெதுவான வாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து திட்டு வாங்கியிருப்பார்கள்.

ஆல்கிட் உண்மையில் இரண்டாம் படியா என்று கேட்கும் விஷயம் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பால் ஃப்ளோரி 1939-இல் பாலியெஸ்டர் வினையை அளந்து, வெளியிலிருந்து வினையூக்கி சேர்க்காவிட்டால் அமிலமே வினையூக்கியாகவும் வேலை செய்வதால் அது மூன்றாம் படி என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிச் சண்டை நிறைய. ஆனால் மூன்றாம் படி என்று வைத்துக்கொண்டால் வால் இன்னும் நீளும். நமது மூத்தவரின் அரை மணி நேரம் இன்னும் கேலிக்கூத்தாகும். போதாததற்கு, வினையில் பிறக்கிற தண்ணீரை சைலீனோடு சேர்த்து வெளியே இழுத்தால்தான் வினை முன்னே போகும். கண்டென்சரில் தண்ணீர் பிரிவது மந்தமானால் கெட்டிலும் மந்தம். இரவு ஷிஃப்ட் ஆள் சைலீன் பிரியும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நிற்பது இதற்காகத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் சும்மா நிற்கிற மாதிரி இருக்கும்.

இனி அந்தச் சுரைக்காய்ப் பழமொழி. ஆபரேட்டர் கைப்பக்குவம்தான் பெரிது, ஏடு சின்னது என்கிறார். ஆபரேட்டரின் பக்குவம் பெரிது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தப் பக்குவம் என்ன என்று அவர் ஒரு நாளாவது பக்கத்தில் நின்று பார்த்தாரா? அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிற வீட்டில் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கரண்டியில் எடுத்து விரலால் இழுத்துப் பார்ப்பார்கள், தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்கள். கம்பிப் பதம், உருட்டுப் பதம். பழைய ரெசின் குக் செய்ததும் அதுதான்: கண்ணாடிக் குச்சியில் தோய்த்து நூல் இழுக்கிறதா என்று பார்த்தார். அதற்குப் பிறகு வந்த ஆசிட் வேல்யூவும் பதம் பார்ப்பதுதான். சாம்பிளை எடை போட்டு, கரைப்பானில் கரைத்து, இரண்டு சொட்டு பினாப்தலீன் விட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடை பியூரட்டில் இறக்கி, இளஞ்சிவப்பு நிற்கிற இடத்தில் நிறுத்தி, 56.1-ஐ மில்லி லிட்டராலும் நார்மாலிட்டியாலும் பெருக்கி எடையால் வகுப்பது. ஆபரேட்டர் பதத்தை நம்புகிறான். கடிகாரத்தை நம்பியவர் கட்டுரை எழுதியவர். பிறகு ஏட்டுச் சுரைக்காய் யார் கையில் இருக்கிறது?

ஆபரேட்டர் மணிக்கொரு தடவை எடுத்து லாக் ஷீட்டில் எழுதிய எண்கள் ஒவ்வொன்றும் வினைவேகத்தின் அளவீடு. கல்லூரியில் லட்சக்கணக்கில் செலவழித்து எடுக்கிற தரவை அவன் ராத்திரி மூன்று மணிக்குக் கண் எரிய எடுத்து வைத்திருக்கிறான். அதை வரைபடத் தாளில் வைத்து ஒரு கோடு போடக்கூட மேலே இருப்பவருக்கு நேரமில்லை. போட்டிருந்தால் ஒரு லாபமும் தெரிந்திருக்கும்: ஆசிட் வேல்யூ 12 இருந்தாலே வாங்குகிறவர் ஏற்றுக்கொள்வார் என்றால் பேட்ச் 9 மணி நேரத்தில் இறங்கிவிடும். 10 தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் 11. எட்டு வேண்டுமென்றால் 14. ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன விலை என்று தெரிந்துகொண்டு வாடிக்கையாளரிடம் பேரம் பேசியிருக்கலாம். இரண்டு மணி நேர எண்ணெயும் மின்சாரமும் மிச்சம். அதை விட்டுவிட்டு இன்சென்டிவில் மிச்சம் பிடித்தார்.

அடுத்தது, பெரிய ஆலைகளைக் காட்டி மிரட்டுவது. மணலியில் இது பழைய வியாதி. 1969-இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு மெட்ராஸ் ரிஃபைனரீஸ் ஓடத் தொடங்கியது. சில வருஷத்தில் உர ஆலையும் வந்தது. அதிலிருந்து இங்கே கெமிக்கல் என்றாலே ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் வெளியே வருகிற தொடர் ஆலைதான் இலக்கணம். நமது கட்டுரையாளரும் அங்கே கொள்ளளவைப் பாய்வால் வகுத்தால் நேரம் வந்துவிடுகிறதே, நமக்கு மட்டும் என்ன தனி வேதம் என்கிறார். குழாயில் ஓடுகிற சரக்கு உள்ளே எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைச் சொல்கிற வகுத்தல் அது. வினை எவ்வளவு முடிந்தது என்பதை அது சொல்லாது. அவருடைய அதே ஆல்கிட்டை அதே வெப்பத்தில், நன்றாகக் கலக்கிவிடப்பட்ட ஒரே தொடர் தொட்டியில் போட்டு, ஆசிட் வேல்யூ 10-இல் வெளியே எடுக்க வேண்டுமென்றால் சரக்கு உள்ளே சராசரியாக 132 மணி நேரம் தங்க வேண்டும். பேட்சில் 11. காரணம், அந்தத் தொட்டி முழுக்க எப்போதும் 10-லேயே இருக்கும். 120-லிருந்து ஓடி வரும் அந்த முதல் இரண்டு மணி நேர வேகம் அதற்கு வாய்ப்பதே இல்லை. பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். இந்தத் தவறை ஒரு பையன் பரீட்சையில் எழுதினால் அரை மார்க் போகும். மலரில் எழுதினால் சால்வை போடுகிறார்கள்.

பத்து டிகிரி ஏற்றினால் வேகம் இரட்டிப்பாகும், 11 மணி நேரம் ஐந்தரை ஆகும் என்ற யோசனையையும் அவர் இலவசமாகத் தருகிறார். இந்த வாய்பாடு எங்கிருந்து வந்தது தெரியுமா? அறை வெப்பத்தில் நடக்கிற வினைகளிலிருந்து. கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டால் 25 டிகிரியிலிருந்து 35-க்கு ஏற்றும்போது வேகம் 1.9 மடங்கு ஆகிறது. இரட்டிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். அதே வினையை 220-லிருந்து 230-க்கு ஏற்றினால் 1.27 மடங்குதான். 11 மணி நேரம் 8.7 மணி நேரம் ஆகும். ஐந்தரை ஆகாது. ஐந்தரையில் பேட்சை இறக்குகிறவர் அரைவேக்காட்டைத்தான் டிரம்மில் பிடிப்பார்.

சும்மா கிடைக்கிற 1.27-ம் சும்மா இல்லை. வேண்டாத பக்கவினைகளின் கிளர்வு ஆற்றல் பெரும்பாலும் அதிகம். 100 கிலோஜூல் என்றால் அதே பத்து டிகிரிக்கு அவை 1.6 மடங்கு ஓடும். நிறம் கருக்கும். பாகுத்தன்மை திடீரென ஏறும். ஜெல் ஆகிவிட்டால் கெட்டிலுக்குள் ஆளை இறக்கி உளியால் கொத்தி எடுக்க வேண்டும். ஜெல் ஆன கெட்டிலுக்குள் இறங்கிய ஒருவரையாவது இந்தக் கட்டுரையாளர் பிறகு நிமிர்ந்து பார்த்திருந்தால் இந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டார்.

லேபில் மூன்று மணி நேரத்தில் முடிந்தது பிளான்டிலும் மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டும் என்ற வாதத்தில்தான் அவருக்கு அசாத்திய நம்பிக்கை. வேதியியல் எங்கேயும் ஒன்றுதானே என்கிறார். வேதியியல் ஒன்றுதான்; பாத்திரம் ஒன்றா? ஒரு லிட்டர் குடுவையையும் 5,000 லிட்டர் ரியாக்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். உயரமும் அகலமும் 17 மடங்கு பெருகுகின்றன. ஆகவே ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கிற சுவர்ப்பரப்பு 17-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சூடு உள்ளே போவதும் வெளியே வருவதும் அந்தச் சுவர் வழியாகத்தான். கல்யாண வீட்டு அண்டாவில் பாயசம் இறங்க ஏன் நேரமாகிறது என்று எந்தச் சமையல்காரரும் தொகையீடு படிக்காமலே சொல்வார்.

எண்ணாகச் சொல்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள். 5,000 லிட்டர் கண்ணாடிப் பூச்சு ரியாக்டர். ஜாக்கெட் பரப்பு 13 சதுர மீட்டர். வெப்பப் பரிமாற்றக் கெழு டிகிரிக்கு, சதுர மீட்டருக்கு 250 வாட். உள்ளே ஐந்து டன் ஆர்கானிக் சரக்கு, வெப்ப ஏற்புத்திறன் டிகிரிக்கு, கிலோவுக்கு 2.1 கிலோஜூல். 150 டிகிரி ஸ்டீமில் 30-லிருந்து 120-க்கு ஏற்ற 75 நிமிடம் ஆகும். அந்த 75 நிமிடமும் உள்ளே வினை நடந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு டிகிரிக்கும் ஒவ்வொரு வேகத்தில். அதைச் சேர்த்தால் ரியாக்‌ஷன் டைம் ஒன்று, சேர்க்காவிட்டால் வேறு. வேலை முடிந்து 40 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். ஜெர்மனிக்காரன் 18 டிகிரித் தண்ணீரில் 83 நிமிடத்தில் முடிப்பான். மணலியில் மே மாதம் கூலிங் டவர் தண்ணீர் 32 டிகிரிக்குக் கீழே இறங்காது. கடலோர ஈரக்காற்றில் டவருக்கு அதற்கு மேல் தெம்பில்லை. ஆகும் நேரம் 129 நிமிடம். இதே ரியாக்டர், இதே சரக்கு, இதே ஆபரேட்டர். கொடுங்கையூரிலிருந்து வருகிற, நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மையாக்கிய தண்ணீர் 2019-லிருந்து பெரிய ஆலைகளுக்குக் கிடைக்கிறது. சின்ன யூனிட்டுகளுக்கு லாரித் தண்ணீரும் உப்புத் தண்ணீரும்தான். ஜாக்கெட்டில் உப்புப் படியப் படிய 250 என்ற கெழு தேய்ந்துகொண்டே போகும், பேட்ச் நேரம் வருஷத்துக்கு வருஷம் நீளும். அப்போதும் மேலாளர் ஆபரேட்டரைத்தான் முறைப்பார்.

வெப்பத்தை வெளியே விடும் வினை என்றால் கதை இன்னும் மாறும். பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. மணலியில் ரிஃபைனரியின் புரொப்பிலீனை வாங்கி புரொப்பிலீன் ஆக்சைடு செய்து அதிலிருந்து பாலியால் செய்கிறார்கள். நாம் படுக்கிற ஃபோம் மெத்தையின் தாய்ச் சரக்கு அது. உலகெங்கும் பாலியாலைப் பெரும்பாலும் பேட்ச் ரியாக்டரில்தான் செய்கிறார்கள்: கிளிசரினும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் முதலில், புரொப்பிலீன் ஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமாக. அந்த ஆக்சைடு ஒரு கிலோ வினைபுரிந்தால் ஏறக்குறைய 1,500 கிலோஜூல் வெளிவரும். மேலே சொன்ன அதே 13 சதுர மீட்டர் ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு, உள்ளே 120 டிகிரி, ஜாக்கெட்டில் சராசரி 45 டிகிரி என்றால், நிமிடத்துக்கு வெளியே எடுக்க முடிகிற வெப்பத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு டன் ஆக்சைடின் வெப்பத்தை வெளியேற்ற ஏறக்குறைய ஒரு மணி 40 நிமிடம் வேண்டும். வினை ஐந்து நிமிடத்தில் முடிகிற வினையாகவே இருந்தாலும் வேண்டும். இங்கே ரியாக்‌ஷன் டைம் என்பது ஜாக்கெட்டின் நேரம். அதைச் சுருக்க நினைத்து வால்வைத் திறந்துவிட்டால் ஆக்சைடு வினைபுரியாமல் உள்ளே சேரும். சரக்கில் ஐந்தில் ஒரு பங்கு அப்படிச் சேர்ந்து ஒரேயடியாகப் பற்றிக்கொண்டால் வெப்பம் 140 டிகிரிக்கு மேல் எகிறும். 120-ம் 140-ம் எவ்வளவு என்று வகுத்தல் தெரிந்தவருக்குக் கூட்டலும் தெரிந்திருக்கும்.

இங்கே அவர் சிரிப்பார் என்று தெரியும். கட்டுரையின் கடைசிப் பக்கம் முழுக்க அந்தச் சிரிப்புதான்: முப்பது வருஷம், நூற்றுக்கணக்கான பேட்ச், ஒன்றும் ஆகவில்லை, இதெல்லாம் பயமுறுத்தல். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் டி2 லேபரட்டரீஸ் என்று ஒரு சின்ன யூனிட் இருந்தது. பெட்ரோலில் சேர்க்கிற ஒரு மாங்கனீஸ் சேர்மத்தை பேட்ச் பேட்சாகச் செய்தார்கள். நாற்பத்திரண்டாவது பேட்சிலிருந்து சார்ஜை மூன்றில் ஒரு பங்கு கூட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. 174 பேட்ச் எடுத்தார்கள். 2007 டிசம்பர் 19 அன்று 175-வது பேட்சில் குளிர்விப்பு நின்றது; ரியாக்டர் வெடித்தது; நாலு பேர் செத்தார்கள், 32 பேர் காயம். செத்தவர்களில் ஒருவர் உரிமையாளர்களில் ஒருவரான கெமிக்கல் இன்ஜினியர். விசாரித்த அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம், வினைகளின் வெப்ப ஆபத்தைக் கல்லூரிப் பாடத்திலேயே சேருங்கள் என்று பரிந்துரைத்தது. நமது மூத்தவர் எதைப் பாடத்திலிருந்து தூக்கச் சொல்கிறாரோ, அதை அவர்கள் நாலு உயிர் கொடுத்து உள்ளே வைத்தார்கள்.

கரண்ட் போனால் ரியாக்‌ஷனும் காத்திருக்கும் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அதை எடிட்டர் எப்படி விட்டார் என்று தெரியவில்லை. இத்தாலியில் செவேசோ பக்கத்து ஆலையில் 1976 ஜூலை 10, சனிக்கிழமை காலை, வார இறுதிக்காக ஒரு பேட்சைப் பாதியில் விட்டுவிட்டு, கலக்கியையும் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ரியாக்டர் 158 டிகிரியில் இருந்தது. சும்மா விட்டால் ஆறிவிடும் என்று நினைத்தார்கள். ஆறவில்லை. கலக்காமல் விட்ட சரக்கின் மேற்பரப்பு சூடான சுவரின் வெப்பத்தை வாங்கி, மெதுவான ஒரு வினையைத் தொடங்கி, மதியம் பன்னிரண்டரை வாக்கில் வெடிப்புத் தகட்டைக் கிழித்துக்கொண்டு டையாக்சினை ஊர்மேல் கொட்டியது. ஐரோப்பாவின் தொழிலகப் பாதுகாப்புச் சட்டத்துக்கே அந்த ஊர்ப் பெயர்தான். பேட்சுக்கு இடைவேளை கிடையாது.

மணலி புதுநகரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. 2015-இல், 2021-இல் கொசஸ்தலையாற்றுத் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர்க் கழிமுகத்தைக் கருப்பாக்கியது. ஒவ்வொரு தடவையும் கரண்ட் போகும். போகும்போது எந்தெந்த ஷெட்டில் எந்தெந்த பேட்ச் எத்தனையாவது மணி நேரத்தில் இருக்கிறது, ஆசிட் வேல்யூ 60-இலா 12-இலா, ஆக்சைடு எவ்வளவு உள்ளே சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் தெர்மிக் ஃப்ளூயிட் பம்ப் நின்ற பிறகு யோசிக்கிற விஷயமில்லை. வினை நேரத்தை முதலிலேயே கணக்குப் போட்டு வைத்தவரிடம் அதற்கு விடை இருக்கும். அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று அவர் கேட்டிருக்கிறார். 2015-இல் பிடிபட்ட சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலிப் பகுதியிலுள்ள சரக்குப் பெட்டக முனையம் ஒன்றில் கிடந்தது என்பதே 2020 ஆகஸ்டில் பெய்ரூட் வெடித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த ஐந்து வருஷமும் எங்கள் அய்யா வைகுண்டர் கோயில் தேர் அதே ஊருக்குள்தான் ஓடியது. கேட்காமல் இருந்ததற்கு அந்த ஐந்து வருஷம் போதும்.

நான் கேட்பது பெரிய கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. ஒரு வரைபடத் தாள். கீழே ஆசிட் வேல்யூ, பக்கத்தில் வேகத்தின் தலைகீழ். ஆபரேட்டர் எடுத்த ஆறேழு புள்ளிகள். கோட்டுக்குக் கீழே எத்தனை கட்டம் இருக்கிறது என்று எண்ணினால் அதுதான் மணி நேரம். எண்ணத் தெரிந்தால் போதும், பெயர் வேண்டுமென்றால் தொகையீடு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சூடேறும் நேரம், குளிரும் நேரம், சார்ஜ் பண்ணும் நேரம், கழுவும் நேரம். 11 மணி நேர பேட்சுக்குப் பின்னால் மறைந்திருக்கிற மற்ற ஆறேழு மணி நேரத்தில் எங்கே சுருக்கலாம் என்பதும் அந்தத் தாளிலேயே தெரியும். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் கெட்டிலில் இருக்காது. வெயிட் மெஷின் வரிசையில் இருக்கும், அல்லது கூலிங் வாட்டர் பம்பில்.

லாக் ஷீட்டில் அந்த இரவு 3 மணி வரிக்கு எதிரே ஆபரேட்டர் எழுதியிருப்பதையும் கட்டுரையாளர் கேலிக்காகவே எடுத்துப் போட்டிருக்கிறார். ஆசிட் வேல்யூ 15, வெயிட்டிங் என்று எழுதியிருக்கிறான். வெயிட்டிங் என்றால் தூங்குகிறான் என்று அர்த்தம் சொல்லிவிட்டார். 15-லிருந்து 10-க்கு வர இன்னும் நாலு மணி நேரம் ஆகும் என்பதை அவன் பேட்ச் பேட்சாகப் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தான். சமன்பாடும் நாலு மணி நேரம் என்றுதான் சொல்கிறது. சம்பளம் கொடுத்தவருக்குத்தான் அரை மணி நேரம் என்று தோன்றியது.

அந்த ஷிஃப்டுக்குப் பிடித்த இன்சென்டிவைத் திருப்பிக் கொடுங்கள். எத்தனை இரவு பிடித்தீர்கள் என்பது அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டரில் இருக்கும், ஒரு இரவுக்கு எவ்வளவு என்பது கட்டுரையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெருக்கினால் போதும். இதற்கு மடக்கை தேவையில்லை.